செல்வாக்கா, நண்பரா?

நட்பைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரு தரப்பினர் இந்தியாவில் ஒரே கருத்தைக் கொண்டிருக்கின்றனர். மதமாற்றத் தடைச் சட்டங்களை ஆதரிப்போர் ஒரு தரப்பு; நற்செய்திப் பணிக்குப் பயிற்சியளிக்கும் கிறிஸ்தவ அமைப்புகளில் சில மறு தரப்பு. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வன்முறை, வஞ்சகம், ஆசைகாட்டல் ஆகியவற்றோடு தகாத செல்வாக்கையும் குற்றத்துக்குரிய வழிகளுள் ஒன்றாக வைக்கிறது. சமயம் மாற விரும்புபவர் 60 நாள்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் அறிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பயிற்சி வகுப்புகளோ, நட்புவழி நற்செய்தி என்ற தலைப்பில், அண்டை வீட்டாரிடமும் அலுவலகத் தோழரிடமும் எவ்வாறு பழகினால் அவர் மனம் திருச்சபையின் பக்கம் திரும்பும் என்பதைப் படிப்படியாகக் கற்பிக்கின்றன. முதல் தரப்புக்கு நட்பு ஓர் ஆபத்து. இரண்டாம் தரப்புக்கு அது ஓர் உத்தி. நட்பு என்பது ஒருவர் மற்றொருவர்மீது கையாளும் கருவி என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

இந்தக் கருத்து தவறு. நட்பு சமய நம்பிக்கையை மாற்றும் என்பது உண்மை. பல வேளைகளில் மறைநூலும் மறையுரையும் மாற்றுவதைவிட ஆழமாகவே மாற்றும். ஆனால் அந்த மாற்றம் எத்திசையில் செல்லும் என்பதை இரு நண்பர்களுள் எவராலும் முன்கூட்டித் தீர்மானிக்க இயலாது. தீர்மானித்துக்கொண்டு பழகுகிறவர் நண்பர் ஆகார். இந்தியக் கிறிஸ்தவத்தின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. அச்சான்றை மறந்ததன் விலையை இன்றைய திருச்சபையும் சமூகமும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

சமயவியல் ஆய்வாளர்களுக்கு நட்பின் ஆற்றல் புதிய செய்தியன்று. ஜான் லோஃப்லாண்டும் ராட்னி ஸ்டார்க்கும் அமெரிக்காவில் அப்போது சிறு குழுவாக இருந்த ஒரு புதிய சமய இயக்கத்தை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. போதனையைக் கேட்டவர்கள் பலர், சேர்ந்தவர்கள் சிலர். குழுவினரோடு கொண்ட பிணைப்பு வெளியாரோடு கொண்ட பிணைப்பை விஞ்சிய நிலையிலேயே ஒருவர் முழுமையாகச் சேர்ந்தார் என்பது அவர்களது முடிவுகளுள் முதன்மையானது. இம்முடிவு தராசைப் போன்றது. எத்தட்டு தாழ்ந்தது என்பதைக் காட்டும். உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்டாது. சேர்ந்தார், விலகினார் என்ற இரண்டு விடைகளுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. சமயம் மாறாமலேயே ஒருவரது நம்பிக்கை தலைகீழாக மாறுவதை அத்தராசால் அளக்க இயலாது. அப்படி மாறியவருள் ஒருவர் சார்லஸ் ஃப்ரீர் ஆண்ட்ரூஸ்.

1871இல் நியூகாசிலில் பிறந்த ஆண்ட்ரூஸ், தம் தந்தை ஊழியம் செய்த ஒரு சிறு சபையின் கட்டுக்கோப்பில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, பின்னர் ஆங்கிலிக்கன் குருவானார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் புகழ்பெற்ற பதிப்பாசிரியர்களுள் ஒருவரும் டர்ஹம் பேராயருமான வெஸ்ட்காட்டின் மகன் பேசில் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர். பேசில், கேம்பிரிட்ஜ் மிஷன் பணிக்காகத் தில்லி சென்று, 1900இல் அங்கேயே காலராவுக்குப் பலியானார். நண்பர் விட்டுச்சென்ற பணியைத் தாம் தொடர வேண்டும் என்ற எண்ணம் ஆண்ட்ரூஸை விடவில்லை. 1904இல் அவர் தில்லி வந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே ஒரு நட்புதான். ஆயினும் அது அவர் ஏற்கெனவே கொண்டிருந்த நம்பிக்கையை உறுதிப்படுத்திய நட்பு. ஒரே பல்கலைக்கழகம், ஒரே திருச்சபை, ஒரே வகுப்பு, ஒரே நாடு. இத்தகைய நட்பில் நம்பிக்கைக்கு வெப்பம் கிடைக்கும். கேள்வி கிடைப்பது அரிது.

கேள்வி காஷ்மீரி கேட் பகுதியில் இருந்த கல்லூரி வளாகத்தில் காத்திருந்தது. சுசீல் குமார் ருத்ரா ஆண்ட்ரூஸைவிடப் பத்து வயது மூத்தவர். 1886 முதல் அக்கல்லூரியில் பணிபுரிந்தவர். இரண்டாம் தலைமுறை வங்காளக் கிறிஸ்தவர். அவருடைய தந்தை அலெக்சாண்டர் டஃபின் காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவியவர். ஆண்ட்ரூஸ் வந்தபோது மிஷன் வட்டாரத்தில் ஓர் எழுதப்படாத விதி நிலவியது: இந்தியர் கற்பிக்கலாம், ஊழியம் செய்யலாம், விசுவாசத்தில் முன்மாதிரியாகவும் விளங்கலாம்; ஆங்கிலேயருக்கு மேலதிகாரியாக இருத்தல் மட்டும் ஆகாது. 1906இல் முதல்வர் பதவி காலியானபோது அவ்விதி சோதனைக்கு உள்ளானது. புதிதாக வந்த இளம் ஆங்கிலேயரான ஆண்ட்ரூஸுக்கே அப்பதவி என்ற பேச்சும் இருந்தது. தகுதியும் அனுபவமும் உடைய ருத்ரா இருக்கையில் தாம் அப்பதவியை ஏற்க இயலாது என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். ருத்ரா முதல்வரானார். ஆங்கிலேய ஆசிரியர்கள் அவர்கீழ்ப் பணிபுரிந்தனர். 1923 வரை அவரே அக்கல்லூரியை நடத்தினார்.

இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வது வழக்கம். ஓர் ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தார், ஓர் இந்தியர் பெற்றார் என்று அக்கதை முடியும். நிகழ்ந்ததோ வேறு. அவ்விரண்டு ஆண்டுகளில் ஆண்ட்ரூஸ் ருத்ராவின் வீட்டில் உண்டு, உரையாடி, அவருடைய பிள்ளைகளோடு பழகியிருந்தார். தம் நாட்டவர் ஓர் இந்தியக் கிறிஸ்தவரிடம் பேசும் தொனியை நண்பரின் செவிகளால் கேட்கக் கற்றிருந்தார். கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும் வேறுபாடு இல்லை என்ற போதனை அவருக்குச் சிறுவயது முதல் தெரிந்ததே. அதே போதனையை உரைத்துக்கொண்டே தம் கூட்டத்தார் எவ்வாறு அதற்கு எதிராக வாழ்கின்றனர் என்பதை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. அதை அவர் அறிந்தது ஒரு நண்பரின் முகத்தில். பின்னாளில் எழுதிய நூல்களில் ருத்ராவுக்குத் தாம் பட்ட கடனை அவர் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவதன் பொருள் இதுவே.

ருத்ராவோடு பழகியது திருச்சபைக்கு உள்ளே. அதே தில்லியில் திருச்சபைக்கு வெளியே அவருக்கு வாய்த்த நண்பர் முதியவரான முன்ஷி ஸகாவுல்லா. உருது மொழியில் வரலாற்று நூல்களும் கணித நூல்களும் எழுதியவர். தாய்மொழிவழிக் கல்விக்காக வாதாடியவர். 1857க்கு முந்தைய தில்லியைக் கண்ணால் கண்டவர். அவருடைய ஆசிரியர் தில்லிக் கல்லூரியின் கணித மேதை ராமச்சந்திரா. அந்த ஆசிரியர் 1852இல் திருமுழுக்குப் பெற்றபோது நகரமே கொந்தளித்தது. மாணவரான ஸகாவுல்லாவோ இறுதிவரை இஸ்லாத்தில் உறுதியாக நின்றார். 1910இல் அவர் மறைந்த பின்னும் ஆண்ட்ரூஸால் அவரை மறக்க இயலவில்லை. 1929இல் அவருடைய வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். ஒரு கிறிஸ்தவக் குரு ஒரு முஸ்லிம் பெரியவரின் வாழ்க்கையைப் பணிவோடு எழுதியதும், அவர் கிறிஸ்தவராகவில்லையே என்ற வருத்தத்தை அந்நூலின் மையமாக்காததும் எளிதில் கடந்துபோகக்கூடிய செய்திகளல்ல.

அந்நட்பின் விளைவு ஒரு கோட்பாட்டில் வெளிப்பட்டது. ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலில் அத்தனாசியுவின் விசுவாச அறிக்கை எனப்படும் ஒரு பகுதி உண்டு. குறிப்பிட்ட திருநாள்களில் அது சபையாரால் ஓதப்பட வேண்டும். முழுமையான விசுவாசத்தைக் கைக்கொள்ளாதவர் என்றென்றும் அழிவர் என்ற பொருளுடைய கண்டன வாசகங்கள் அதில் உள்ளன. இங்கிலாந்தில் அவற்றை ஓதும்போது அழியப்போகிறவர்களுக்கு முகம் இல்லை. தில்லியில் முகம் இருந்தது, பெயர் இருந்தது, மாலைவேளையில் அருகமர்ந்து பேசிய குரல் இருந்தது. வேறு காரணங்களும் சேர்ந்தன என்றாலும், இவ்வாசகங்களை மனச்சான்றோடு ஓத இயலாமை முதன்மையான காரணமாக, ஆண்ட்ரூஸ் 1914இல் குருத்துவப் பணிகளைச் செய்வதை நிறுத்தித் தாகூரின் சாந்திநிகேதனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் டர்பன் துறைமுகத்தில் காந்தியை முதன்முதலாகச் சந்தித்து அவர் காலைத் தொட்டு வணங்கி, தென்னாப்பிரிக்க வெள்ளையரின் சினத்துக்கு ஆளாகியிருந்தார்.

நட்பின் விளைவு எப்போதும் இவ்வாறே அமையும் என்று கொள்ளலாகாது. ஆண்ட்ரூஸின் நண்பர் வட்டத்திலேயே மாறுபட்ட விளைவுகளைக் காணலாம். 1904இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் செல்வமிக்க குவேக்கர் குடும்பத்தின் மகன். சிம்லா மலைப்பகுதியில் தொழுநோயாளர்களுக்குப் பணிவிடை செய்தார். துறவிபோல் உடுத்தித் திரிந்தார். பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்திலிருந்து வந்து 1905இல் திருமுழுக்குப் பெற்ற சுந்தர் சிங் சில காலம் அவருடன் நடந்தார். 1910இல் ஸ்டோக்ஸ் இயேசுவைப் பின்பற்றும் ஒரு சகோதரக் குழுவைத் தொடங்கியபோது, கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்த வெஸ்டர்ன் அதில் இணைந்தார். ஆண்ட்ரூஸும் அவ்வட்டத்துக்கு மிக நெருங்கியவர். ஒரே மலைச்சாரலில், ஒரே இலட்சியத்தோடு பழகியவர்கள் இவர்கள்.

இவர்கள் சென்றடைந்த இடங்களோ வெவ்வேறு. சுந்தர் சிங் காவியுடுத்த கிறிஸ்தவ சாதுவாக உலகறிந்தவராகி, 1929இல் திபெத்தை நோக்கிப் புறப்பட்டு மறைந்துபோனார். வெஸ்டர்ன் அதே 1929இல் திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் பேராயரானார். ஸ்டோக்ஸ் கோட்கட்டில் குடும்பமாக வாழ்ந்து, அம்மலைகளில் ஆப்பிள் சாகுபடியை வளர்த்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1932இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் ஆனார். ஆண்ட்ரூஸ் குருத்துவப் பணியை விட்டவராக, ஆனால் கிறிஸ்துவை விடாதவராக, ஃபிஜியிலும் பிற காலனிகளிலும் ஒப்பந்தக் கூலிகளின் துயரைத் துடைக்க அலைந்தார். சிம்லா மலைவாழ் மக்களைக் கட்டாய வேலைக்கு இழுக்கும் வழக்கத்தை எதிர்த்து ஸ்டோக்ஸ் போராடியபோது ஆண்ட்ரூஸ் அவருக்குத் துணைநின்றார். கூலிக்காரனின் முதுகில் உள்ள சுமையைப் பொறுத்தவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

கிறிஸ்தவ வாசகர் ஒருவர் இவ்விடத்தில் நியாயமான எதிர்ப்பை எழுப்பலாம்: இந்நட்புகள் நம்பிக்கையை நீர்த்துப்போகச் செய்தன என்பதற்கன்றோ இவை சான்று? ஒருவர் குருத்துவப் பணியைத் துறந்தார். ஒருவர் சமயத்தையே துறந்தார். இத்தகைய நட்பு வேண்டுமா என்று ஒரு பெற்றோரோ ஒரு போதகரோ கேட்டால் அது வெறும் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிட இயலாது. நம்பிக்கை இழப்பு என்பது நம்புகிறவருக்கு உண்மையான இழப்பு.

இதற்கு ஆண்ட்ரூஸின் பிற்கால வாழ்வே விடை தருகிறது. கிறிஸ்துவுக்குத் தாம் பட்ட கடனைப் பற்றி 1932இல் அவர் ஒரு நூல் எழுதினார். பதினெட்டு ஆண்டு ஆசிரம வாழ்வுக்கும் வேற்றுச் சமய நண்பர்களோடு கொண்ட நெருக்கத்துக்கும் பின்னர் எழுதப்பட்ட அந்நூலில் பக்தியின் ஈரம் வற்றவில்லை. 1936இல் குருத்துவப் பணிகளையும் மீண்டும் மேற்கொண்டார். வெளியே இருப்பவர்கள் யார், அவர்களைக் கடவுள் எவ்வாறு நோக்குகிறார் என்பது பற்றிய எண்ணத்தையே நண்பர்கள் மாற்றினர். கிறிஸ்துவைப் பற்றிய அன்பை மாற்றவில்லை. முன்பு அவருடைய நம்பிக்கைக்கு ஒரு மதில் இருந்தது. மதில் போன பின்பும் வீடு நின்றது. மதில்தான் வீட்டைத் தாங்குகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது வியப்பளித்திருக்கலாம். ஸ்டோக்ஸின் முடிவு வேறு. அதையும் நட்பின் தோல்வி எனல் ஆகாது. உரிமையோடு நிகழ்ந்த ஒரு தேடல் எங்கு முடிந்ததோ அங்கு முடிந்தது.

நட்பு என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் அன்று. ஆண்ட்ரூஸ் காந்தியை மோகன் என்றும், காந்தி அவரைச் சார்லி என்றும் கடிதங்களில் விளித்தனர். மகாத்மா, பாபு என்ற விளிகள் நாடெங்கும் ஒலித்த காலத்தில் ஒருவரை வெறும் பெயரால் அழைக்கும் உரிமை சிறிதன்று. அந்த உரிமையே கண்டிக்கும் உரிமையையும் தந்தது. 1918இல் போருக்கு ஆள்சேர்க்கக் காந்தி முனைந்ததையும் 1921இல் அயல்நாட்டுத் துணிகளை எரித்ததையும் ஆண்ட்ரூஸ் ஏற்கவில்லை. 1936இல் மதமாற்றம் பற்றி இருவரும் உரையாடியபோதும் முழுமையாக உடன்படவில்லை. ஆழ்ந்த மன்றாட்டுக்குப் பின் உண்மையாகவே கிறிஸ்தவராக விரும்பும் ஒருவரைத் தடுத்தல் முறையோ என்ற கேள்வியை ஆண்ட்ரூஸ் விட்டுக்கொடுக்கவில்லை. நட்பு நகைத்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பதற்கும் உரியது என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்துக்கு இவ்விருவர் உறவு பொருந்தி நிற்கிறது.

நட்பு நம்பிக்கையைத் தொட வேண்டுமானால் அது சமமானவர்களுக்கு இடையில் அமைய வேண்டும். இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு தமிழர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த 35 வயது வி. எஸ். அசரியா பேசினார். அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு அவருக்குத் தரப்பட்ட பொருள். முதல் தலைமுறை மிஷனரிகள் தந்தையராக இருந்தனர், முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களும் பிள்ளைகளாக இருப்பதில் மகிழ்ந்தனர், புதிய தலைமுறை மிஷனரிகளோ இன்னும் தந்தையராகவே விரும்புகின்றனர், புதிய தலைமுறைக் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளாக இருக்க விரும்பவில்லை என்று அவர் சுட்டினார். பொருளையும் உயிரையும்கூட நீங்கள் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற கருத்தோடு அவ்வுரை முடிந்தது. அரங்கில் இருந்தோருள் பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்றார். பதவி கிடைத்தது, கேட்டது பதவியை அன்று.

அவர் சுட்டிய சிக்கல் மொழிக்குள்ளேயே படிந்திருக்கிறது. தமிழின் பாதிரி, இந்தியின் பாத்ரி ஆகியவை தந்தை எனப் பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் வழிவந்தவை. தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வெள்ளைக்கார மிஷனரி ஐயர் என்றழைக்கப்பட்டார். வழிகாட்டுகிறவர் தந்தை அல்லது ஐயர். கேட்கிறவர் மகன், மகள், தம்பி. ஆனால் யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரிடம், இனி உங்களை அப்படி அழைக்கமாட்டேன் என்று சொல்லி ஒரு சொல்லை விலக்கி வேறொன்றை வைக்கிறார். விலக்கிய கிரேக்கச் சொல்லுக்கு அடிமை என்பதே நேர்பொருள். வைத்த சொல் நண்பர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஊழியக்காரர், சிநேகிதர் என்றும், பிற்காலத் திருவிவிலியம் பணியாளர், நண்பர் என்றும் அவற்றைத் தருகின்றன. குரு சீடருக்கு இடையில் தாமே இட்ட விளிமாற்றத்தை அவரைப் பின்பற்றுவோரின் வழக்கு ஏற்கவில்லை. ஊழியர், ஊழியம் என்ற சொற்கள் சபைத் தமிழில் நாள்தோறும் புழங்குகின்றன. சிநேகிதர் என்ற சொல் பாட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அந்நியர் போன பின் தந்தை இடத்தில் சாதி வந்து அமர்ந்தது, அல்லது முன்பே அங்கு இருந்தது வெளிப்பட்டது. ஒரே அப்பத்தைப் பகிர்வோர் ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணத் தயங்குகின்றனர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் நிற்கிறது. அசரியாவும் தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா எனும் இரு சமூகங்களுக்கு இடையில் இச்சுவரோடு போராட வேண்டியிருந்தது. ஒரே பீடத்தின் முன் மண்டியிடுவது சமத்துவம் ஆகிவிடாது என்பதை இந்தியத் திருச்சபை நூறாண்டுகளாக நிரூபித்துவருகிறது. திருச்சபைக்கு உள்ளேயே நண்பராக இயலாதவர்கள் வெளியே இருப்பவரிடம் நட்புவழி நற்செய்தியைக் கொண்டுசெல்வதாகக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

பல்கலைக்கழகங்களில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்திலும் மிசோரமிலும் கிறிஸ்தவர் ஏறத்தாழ 87 அல்லது 88 விழுக்காடு. தில்லியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஐஸ்வாலிலிருந்து தில்லி விடுதிக்கு வரும் மாணவிக்கு ஞாயிறு ஆராதனை என்பது அதுவரை மழையைப்போல், மலையைப்போல் தானாகவே இருந்த ஒன்று. இங்கே முதன்முறையாக அது அவள் தெரிவுசெய்ய வேண்டிய ஒன்றாகிறது. மிசோ, நாகா மொழிகளில் தலைநகரில் நடக்கும் கூடுகைகள் அவளுக்குப் புகலிடம் அளிக்கின்றன. வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டு, தெருவில் முகத்தைக் கொண்டு ஏளனம் செய்யப்படும் ஒருவருக்குத் தன் மொழியில் பாடக் கிடைக்கும் ஓர் இடம் ஆடம்பரமன்று. வெளியார் எவரும் அதைக் குறைகூறத் தகுதியுடையவர் அல்லர்.

ஆயினும் புகலிடம் மட்டுமே போதுமானதா என்பது அம்மாணவர்களே தமக்குள் எழுப்பும் வினா. தன் கூட்டத்துக்குள் மட்டும் நண்பர்களைக் கொண்டவரின் நம்பிக்கை வழக்கமாக எஞ்சும். அது என்ன சொல்கிறது என்பதை எவருக்கும் விளக்க நேர்ந்திராது. நோன்பிருக்கும் முஸ்லிம் அறைத்தோழி, நாத்திகம் பேசும் ஆய்வகத் தோழன், உன் சபையில் எனக்கு இடம் எங்கே என்று கேட்கும் தலித் மாணவர் ஆகியோரது அருகாமை அந்நம்பிக்கையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. எழுந்தது எங்கே செல்லும் என்பதற்கு உறுதி கிடையாது. சிலர் ஆழமான செபத்துக்குச் செல்வர். சிலர் சபையை விட்டு வெளியேறுவர். சிலர் ஆண்ட்ரூஸைப்போல் வெளியேறித் திரும்புவர். அறைத்தோழியின் நோன்பும் இவளது அருகாமையால் முன்போல் இராது. இருவரும் மாறுவர். ஒருவர் மட்டும் மாற வேண்டும் என்று கருதும் உறவுக்கு வேறு பெயர் உண்டு.

சட்டத்தின் பிழையும் இங்கேயே வேர்கொண்டுள்ளது. பிறர்க்குச் சமயத்தை எடுத்துரைக்கும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுகிறவர் ஒருவர், மாற்றப்படுகிறவர் ஒருவர் என்ற பிரிவு அத்தீர்ப்பின் அடிநாதம். பிற்காலச் சட்டங்கள் அப்பிரிவை மேலும் இறுக்கின. அச்சுறுத்தியும் ஏமாற்றியும் செய்யும் மாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பு இராது. ஆனால் 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் சட்டம் நம்பிக்கைக்கு ஒரு நாள் குறிக்க இயலும் என்று கருதுகிறது. ருத்ராவின் வீட்டில் எந்த மாலையில் ஆண்ட்ரூஸின் மனம் மாறியது என்பதை அவராலேயே சொல்லியிருக்க இயலாது. செல்வாக்கு என்ற சொல்லுக்குள் ஒரு கொடுப்பவரும் ஒரு பெறுபவரும் இருக்கின்றனர். நட்பில் அவ்விருவரையும் பிரித்தறிவது கடினம்.

மொழிகள் இதனை அறிந்தே இருந்திருக்கின்றன. ஆண்ட்ரூஸுக்கு மக்கள் இட்ட பெயர் தீனபந்து. வடமொழியில் பந்து என்பது உறவினர். தமிழ் வழக்கிலும் பந்துக்கள் என்றால் சுற்றத்தார். வங்காளத்தில் அதே சொல் நண்பரைக் குறிக்கிறது. பழந்தமிழின் கேள், கேண்மை என்ற சொற்களும் உறவுக்கும் நட்புக்கும் இடையில் கோடு கிழிப்பதில்லை. எளியோரின் பந்து என்றபோது அவர்களுக்கு உதவியவர் என்ற பொருள் மட்டுமின்றி, அவர்களுள் ஒருவராகிவிட்டவர் என்ற பொருளும் உடன்வந்தது. பிறரைத் தம்மவராக்கப் புறப்பட்ட ஓர் இளம் மிஷனரி, இறுதியில் தாமே பிறருடையவர் ஆனார். 1940இல் கல்கத்தாவில் அவர் மறைந்தபோது அவரைக் கிறிஸ்தவர் மட்டும் இழக்கவில்லை.

ருத்ராவைப் பற்றிக் காந்தி பதிவுசெய்த ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. 1915 முதல் தில்லி வரும்போதெல்லாம் காந்தி ருத்ராவின் வீட்டில் தங்குவது வழக்கம். கிலாபத் கோரிக்கையை முன்வைத்து வைஸ்ராய்க்கு எழுதப்பட்ட பகிரங்கக் கடிதம் அக்கூரையின்கீழ் உருவானது. அரசு மானியத்தையும் மிஷன் ஆதரவையும் நம்பியிருக்கும் ஒரு கல்லூரியின் முதல்வருக்கு இது எளிதில் துன்பம் தரக்கூடும். தாம் அங்குத் தங்குவதால் அவர் நிலைக்கு ஊறு நேருமோ என்று காந்தி கவலை தெரிவித்தார். தம் சமயம் பிறர் எண்ணுவதைவிட ஆழமானது என்று ருத்ரா விடையளித்தார். தாம் ஈட்டிய செல்வாக்கை இழப்பதா, நண்பரை இழப்பதா என்ற நிலை வருமானால், எதைத் தெரிவுசெய்வது என்பது தமக்குத் தெரியும் என்றும் கூறினார். 1925இல் ருத்ரா மறைந்தபோது காந்தி தம் இதழில் இதை எழுதினார்.

ருத்ரா காந்தியைக் கிறிஸ்தவராக்க முயலவில்லை. காந்தியும் அவரை இந்துவாக்க எண்ணவில்லை. செல்வாக்கைப் பெரிதென எண்ணுவோருக்கு, அவர்கள் அரசில் இருந்தாலும் சபையில் இருந்தாலும், அவ்வீட்டில் நிகழ்ந்தது ஒன்றுமில்லாததாகவே தோன்றும். ஆனால் தம் நண்பரை வீட்டைவிட்டு அனுப்ப மறுத்த அந்த விடையில் ருத்ராவின் கிறிஸ்தவம் முழுமையாக இருக்கிறது. அதை அவர் ஒரு கோட்பாடாகக் கற்றிருக்கலாம். அது உயிருள்ளது என்பதை அறிய அவருக்கு ஒரு நண்பர் தேவைப்பட்டார்.